36 இதழ்கள், ஒரு அட்டைப்பெட்டி: ‘ஆக்‌ஷன்’ வாங்கலாமா?

பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் விற்கும் ஒருவரிடமிருந்து போன மாதம் எனக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே ‘ஆக்‌ஷன்’ வார இதழின் முதல் 36 இதழ்கள். 1976 பிப்ரவரி 14 தேதியிட்ட முதல் இதழில் தொடங்கி அதே வருடம் அக்டோபர் 16 வரை. விலை 260 பவுண்டு, தபால் செலவு தனி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் இரண்டு மூன்று இதழ் என்று மூன்று வாரத்தில் எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம், ஆனால் இந்த 36-ஐ மட்டும். பின்னால் அதே பெயரில் இன்னும் 50 இதழ்கள் வந்தன, அவற்றில் காசைப் போட வேண்டாம்.

நான் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், பதினெட்டு வருடம் பேப்பர் கடை வைத்திருந்தவன். காலை நாலரைக்குக் கட்டுகள் வந்து வாசலில் விழும். கயிற்றை அறுத்து, எண்ணிச் சரிபார்த்து, வீடுகளுக்குப் போக வேண்டிய ஒவ்வொரு பிரதியின் மேல் மூலையிலும் பென்சிலால் கதவு எண்ணை எழுதி வைப்போம். பேப்பர் போடும் பையனுக்கு வயது 13-க்குக் குறையக்கூடாது, காலை 7 மணிக்கு முன்னால் அவனை வேலைக்கு அனுப்பக்கூடாது என்று சட்டம். அதனால் ஏழு அடிக்கும்போது பைகள் நிரம்பித் தயாராக இருக்க வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்தில் என் கை எத்தனை ஆயிரம் எண்களை எழுதியிருக்கும் என்று கணக்கே இல்லை.

பெட்டியைத் திறந்ததும் என் கண் போனது அந்த மூலைக்குத்தான். அட்டைப்படத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். இருபத்திரண்டு இதழ்களின் வலது மேல் மூலையில் ‘14’ என்று இருக்கிறது, எல்லாம் ஒரே கையெழுத்து. நாலின் குறுக்குக் கோட்டை வேகமாக இழுத்துவிட்டு அடுத்த பிரதிக்குத் தாவிய கை அது. ஏப்ரல் இதழ் ஒன்றில் பென்சில் மழுங்கிக் கோடு தடித்திருக்கிறது. அடுத்த வாரம் சீவிய முனை, மெல்லிய கோடு. பெயர் தெரியாத ஒரு கடைக்காரர் ஐம்பது வருடத்துக்கு முன்னால் இருட்டு விலகாத ஒரு காலையில் எழுதியது. அதை விரலால் தடவிப் பார்த்தபோது தொழில் செய்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு நெருக்கம் வந்தது.

இந்தப் பத்திரிகையைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவர் கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் அலமாரியில் பீனோ, 2000 ஏடி என்ற இரண்டு காமிக்ஸ் இதழ்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் நின்று பேசினார். பதினோரு வயதில் வாரா வாரம் தான் படித்த ஒரு காமிக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனதாம். ஆறு வாரம் கடைக்குப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தாராம். கடைக்காரருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது வாரம் வந்தது, ஆனால் அது வேறு ஏதோவாக இருந்தது என்றார். முகத்தில் அந்தப் பதினோரு வயது ஏமாற்றம் அப்படியே இருந்தது. அந்தப் பேச்சுதான் மனதில் கிடந்து, கடையை விட்ட பிறகு என்னை வாங்க வைத்தது.

கொஞ்சம் பின்னணி. அந்தக் காலத்தில் இங்கே பையன்களுக்கான வாரக் காமிக்ஸ் இரண்டு பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் டி.சி. தாம்ஸன், லண்டனில் ஐ.பி.சி. தாம்ஸன் 1974-ல் ‘வார்லார்ட்’ என்ற போர் இதழை இறக்கியது. ஐ.பி.சி. 1975 மார்ச்சில் ‘பேட்டில்’ கொண்டுவந்து பதில் சொன்னது. அதை உருவாக்கியவர்கள் பேட் மில்ஸும் ஜான் வாக்னரும். அது ஓடவே, போருக்கு வெளியேயும் இதே வேகத்தில் ஓர் இதழ் வேண்டும் என்று மில்ஸிடமே கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஆக்‌ஷன். விலை 7 பென்ஸ். அது வந்த அதே தேதியில் தாம்ஸனின் ‘புல்லட்’டும் கடைக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை கடைக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

நம்மில் பலருக்கு இந்த உலகம் புதிதல்ல. தமிழில் நாம் உருகி உருகிப் படித்த இரும்புக்கை மாயாவி இதே ஐ.பி.சி. குடும்பத்தின் ‘வேலியண்ட்’ இதழில் 1962 முதல் வந்தவர்தான். ஆனால் மாயாவியை மனதில் வைத்துக்கொண்டு ஆக்‌ஷனைத் திறக்காதீர்கள். அது கனவு. இது தெரு.

எல்லாரும் முதலில் பேசுவது ‘ஹுக் ஜா’. முந்தைய வருடம் வந்த ‘ஜாஸ்’ படம் கிளப்பிய அலையில் ஏறி வந்த சுறாக் கதை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படத்தில் சுறா வில்லன், இங்கே சுறாதான் நாயகன். மீன்பிடிக் கொக்கி ஒன்று தாடையில் குத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெள்ளைச் சுறா. எண்ணெய்க் கிணறு தோண்டி லாபம் பார்க்க வந்த முதலாளி, அவனுக்கு ஆமாம் போடுகிறவர்கள், தடுக்கப் பார்க்கும் நல்லவர்கள் என்று மனிதர்கள் ஒரு பக்கம். கடல் இன்னொரு பக்கம். சுறாவுக்கு யார் நல்லவன் யார் கெட்டவன் என்ற கணக்கு கிடையாது. எழுதியவர் கென் ஆர்ம்ஸ்ட்ராங், வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ரமோன் சோலா. இந்தப் பெயர்களை இதழில் தேடாதீர்கள். எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ போடும் வழக்கம் அப்போது இல்லை. சோலாவின் கோடு ஆவேசமானது. தண்ணீரை அவர் அலை அலையாக வரைவதில்லை, கிழிந்த துணி மாதிரி வரைகிறார். மலிவுத் தாளில் சிவப்பு மை கொஞ்சம் விலகி அச்சாகிக் கோட்டுக்கு வெளியே கசிந்திருக்கிறது. ரத்தம் கசிகிற கதைக்கு அது தானாகவே பொருந்திவிட்டது. பிற்காலப் பளபளப்புத் தாளில் இந்தக் கசிவு கிடைக்காது. பழைய பிரதியைத் தேடி வாங்க இது ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

ஆனால் என் மனதில் நிற்பது சுறா அல்ல. ‘ஹெல்மேன் ஆஃப் ஹேமர் ஃபோர்ஸ்’. இரண்டாம் உலகப்போரை ஒரு ஜெர்மன் டாங்கிப் படை அதிகாரியின் பக்கத்திலிருந்து சொல்லும் தொடர். எழுதியது ஜெரி ஃபின்லி-டே, வரைந்தது மைக் டோரி. ஹெல்மேன் சிப்பாய், ஆனால் நாஜி இல்லை. எதிரில் நேச நாட்டுப் படைகள், முதுகுக்குப் பின்னால் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்க் காமிக்ஸில் ஜெர்மானியன் என்றால் சுடப்பட்டு விழுவதற்கென்றே வருகிறவன். அப்பாக்களும் மாமாக்களும் அந்தப் போரில் நின்ற ஒரு நாட்டில், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் ‘எதிரி வண்டிக்குள்ளேயும் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான்’ என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். டோரியின் டாங்கிகளில் எண்ணெய் நாற்றமே வருகிறது, அவ்வளவு அழுக்கு.

‘பிளாக்ஜாக்’கும் அப்படித்தான். நாயகன் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஒருவர், பெயர் ஜாக் பாரன். பட்டத்தை நோக்கி ஏறிக்கொண்டே போகிறார், பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் ஒரு சண்டை போட்டால் கண் போய்விடும் என்று தெரிந்தும் கையுறையைக் கட்டுகிறார். ஜான் வாக்னரின் எழுத்து. அப்போதைய பையன்கள் இதழ்களில் ஒரு கறுப்பினத்தவரை நாயகனாகப் பார்ப்பதே அபூர்வம். ‘ட்ரெட்ஜர்’ ஓர் உளவாளி, பேசுவதற்கு முன்னால் கை ஓங்கிவிடும் ஆள். நாகரிகமான கூட்டாளி ப்ரீட் அவனோடு மாட்டிக்கொண்டு விழிப்பது நல்ல பொழுதுபோக்கு. ‘டெத் கேம் 1999’ கைதிகளை வைத்து ஆடும் மோட்டார்சைக்கிள் ஆட்டம். ஓரிரு வாரம் ரசித்தேன், அப்புறம் ஒரே மாதிரி ஆகிவிட்டது. ‘ஸ்போர்ட்ஸ் நாட் ஃபார் லூஸர்ஸ்’, ‘காஃபின் சப்’ இரண்டையும் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

‘லுக் அவுட் ஃபார் லெஃப்டி’யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கென்னி லேம்ப்டன், இடதுகால் ஆட்டக்காரன், ஏழைத் தெருப் பையன். டாம் டல்லி எழுதியது. பந்து அவனிடம் வந்தால் அது கவிதை, ஆனால் கோபம் மூக்கு நுனியில். செப்டம்பர் வாக்கில் ஓர் அத்தியாயம் வருகிறது. சொந்த அணிக்காரன் ஒருவன் வேண்டுமென்றே கென்னிக்குப் பந்து கொடுக்க மறுக்கிறான். பார்வையாளர் வரிசையில் நிற்கும் கென்னியின் தோழி ஆஞ்சி ஒரு பாட்டிலை அவன் மேல் எறிகிறாள், அது அவன் தலையில் பட்டு உடைகிறது. அதைப் பார்த்துக் கென்னி மனதுக்குள் சந்தோஷப்படுகிறான். கால்பந்து மைதானங்களில் அடிதடி பெருகி நாடே கவலைப்பட்ட காலம் அது.

இந்த ஒரு பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன். தப்பு என்றுதான் நினைக்கிறேன். பாட்டில் பறந்ததைக்கூட ஏற்றுக்கொள்வேன், அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட மைதானமும் இருந்தது. நாயகன் அதில் மகிழ்ந்தான் என்று எழுதி, அடுத்த கட்டத்துக்கு எதுவும் நடக்காத மாதிரி நகர்ந்ததுதான் தப்பு. அடிபட்டவனுடைய முகத்தை ஒரு கட்டத்தில் காட்டியிருந்தால் போதும். ஹெல்மேனில் எதிரியின் முகத்தைக் காட்டத் தெரிந்த இதழ் இங்கே அதைச் செய்யாமல் விட்டது.

ஆனாலும், அந்தப் பக்கத்துக்காக மொத்த இதழையும் குப்பை என்றவர்களோடு நான் சேர மாட்டேன். என் கடையில் பேப்பர் போட்ட பையன்களை எனக்குத் தெரியும். உள்ளாட்சி குறைந்த வாடகைக்கு விடும் கவுன்சில் குடியிருப்பில் இருந்து வந்தவர்கள். வீட்டில் சண்டை, பள்ளியில் திட்டு, தெருவில் அடி. அவர்களுக்குத் தங்கும்விடுதிப் பள்ளியில் படிக்கும் பணக்காரப் பையனின் சாகசத்தைக் கொடுத்தால் தொடக்கூட மாட்டார்கள். ஆக்‌ஷன் அவர்களை நாயகன் ஆக்கியது. பெரியவர்கள் எப்போதும் நியாயமாக இருப்பதில்லை என்று அந்தப் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். அதை அவனிடம் ஒளிக்காமல் பேசியது இந்த இதழ். எனக்கு இதில் பிடித்ததெல்லாம் இந்த ஒன்றில் அடங்கும்.

எதிர்ப்பு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ஏப்ரல் 30 அன்று ‘தி சன்’ நாளிதழ் ‘ஏழு பென்ஸ் பயங்கரக் கனவு’ என்ற பொருளில் தலைப்புப் போட்டு எழுதியது. தொலைக்காட்சியில் ஒழுக்கம் கெடுகிறது என்று இயக்கம் நடத்திவந்த மேரி வைட்ஹவுஸும் இதைக் கையில் எடுத்தார். செப்டம்பரில் ‘கிட்ஸ் ரூல் ஓகே’ வந்தது. கொள்ளைநோயில் பெரியவர்கள் எல்லாரும் செத்துப்போன பிரிட்டனில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அடித்துக்கொள்ளும் கதை. செப்டம்பர் 18 இதழின் அட்டையில் கார்லோஸ் எஸ்கெர்ரா வரைந்த படம்: சங்கிலியைச் சுழற்றும் ஒரு பையன், கீழே விழுந்து கிடக்கும் ஓர் ஆள், பக்கத்தில் போலீஸ் தொப்பி. விழுந்து கிடப்பவர் போலீஸ்காரர்தான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அட்டையை மேஜையில் வைத்து விளக்கடியில் பார்த்தேன். நானும் முதல் பார்வையில் அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்காரனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அட்டை என் அலமாரியில் முன்வரிசையில் இருந்திருந்தால், பிள்ளையோடு வரும் தாய்மார்கள் என்னைத்தான் கேட்டிருப்பார்கள். பத்திரிகை ஆசிரியரை அவர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்? பெரிய கடைகள் பயந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பி.பி.சி.யின் ‘நேஷன்வைட்’ நிகழ்ச்சியில் ஃபிராங்க் பௌ, ஐ.பி.சி.யின் ஜான் சாண்டர்ஸை உட்காரவைத்துக் கேள்வியால் துளைத்தார். சில வாரங்களில் கதை முடிந்தது. அக்டோபர் 23 தேதியிட்ட 37-வது இதழ் அச்சாகிவிட்டது. வெளியே விடாமல் கூழாக்கினார்கள். தப்பிய சில பிரதிகள் மட்டும் இன்றைக்கும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன, அவற்றின் விலை நம் கைக்கு எட்டாது.

‘தடை செய்யப்பட்ட காமிக்ஸ்’ என்று விற்பவர்கள் எல்லாரும் கூவுகிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. சிறுவர்களுக்குக் கேடான பதிப்புகள் பற்றி இங்கே 1955-லேயே ஒரு சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தின் கீழ் ஆக்‌ஷன் மேல் வழக்கு எதுவும் நடக்கவில்லை. நிறுவனமே தானாக நிறுத்திக்கொண்டதுதான். அந்த ஒரு வார்த்தைக்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே 1976 அக்டோபரில்தான் மாயாவியின் பழைய வீடான வேலியண்டும் நின்று பேட்டிலோடு கலந்தது. பழையதும் புதியதும் ஒரே மாதத்தில்.

டிசம்பர் 4 அன்று ஆக்‌ஷன் திரும்பி வந்தது. அந்த இதழ்களில் ஐந்தாறை முன்பே தனியாக வாங்கிப் படித்திருக்கிறேன். கிட்ஸ் ரூல் ஓகே இல்லை. லெஃப்டி நல்ல பிள்ளை ஆகிவிட்டான். டெத் கேமுக்கு ‘ஸ்பின்பால்’ என்று பெயர் மாறிவிட்டது. சுறா இருக்கிறது, அதன் பல் இல்லை. 1977 நவம்பர் 12 வரை ஓட்டி, அடுத்த வாரம் பேட்டிலோடு சேர்த்துவிட்டார்கள். பேட் மில்ஸ் அதற்குள் அந்த வேகத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். 1977 பிப்ரவரியில் வந்த 2000 ஏடியின் முதல் இதழிலேயே மனிதரைக் கடித்துக் குதறும் டைனோசர்கள் வந்தன. அந்த இதழின் புகழ்பெற்ற எதிர்காலப் போலீஸ்காரன் ஜட்ஜ் ட்ரெட்டின் தோற்றத்தை வடிவமைத்தது எஸ்கெர்ராவின் கை. அதிகாரத்தின் தொப்பி கீழே கிடக்கும் படத்தை வரைந்த அதே கை.

சரி, வாங்கிய பொருளின் தரம். தாள் மஞ்சளாகி ஓரம் பழுப்பேறியிருக்கிறது, அந்த வயதுக்கு அது இயல்பு. கம்பித் தையலில் துரு, இரண்டு இதழில் நடுத்தாள் கழன்றிருக்கிறது. பக்கத்தைப் புரட்டும்போது உள்ளங்கையை அடியில் கொடுத்துப் புரட்டுங்கள், மூலையைப் பிடித்து இழுத்தால் உதிர்கிறது. முழுத் தொகுப்பு, எதுவும் குறையில்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் ஜூன் 5 இதழில் ஒரு கூப்பனை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையின் மறுபக்கம் ட்ரெட்ஜரின் கடைசிக் கட்டம் போய்விட்டது. எழுதிக் கேட்டேன். பழைய காமிக்ஸ் என்றால் அப்படித்தான் என்று பதில் வந்தது, பணம் எதுவும் திரும்பவில்லை. வாங்குவதற்கு முன்னால் ‘கூப்பன் எல்லாம் இருக்கிறதா, பக்கங்களை எண்ணிப் பார்த்தீர்களா’ என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய தாள் வேண்டாம், கதை மட்டும் போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆக்‌ஷன் உள்பட இந்தப் பழைய தொடர்களின் உரிமையை ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனம் 2016-ல் வாங்கியது. 2020-ல் புதுக் கதைகளோடு ஆக்‌ஷன் சிறப்பிதழ் ஒன்றும் போட்டது. ஹெல்மேனைப் படிக்க நல்ல அச்சே மேல், டோரியின் நுணுக்கம் மலிவுத் தாளில் அடைபட்டுப் போகிறது. ஹுக் ஜாவுக்கு மட்டும் பழையதேதான்.

36-வது இதழின் ஒவ்வொரு தொடரும் ‘தொடரும்’ என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. அக்டோபர் 16. மூலையில் அதே ‘14’, நல்ல கூர்மையான பென்சில். அந்த பஸ் டிரைவரைக் கூப்பிட்டு இந்தப் பெட்டியைக் காட்டினேன். லெஃப்டியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவர் டீ ஆறியதைக் கவனிக்கவில்லை. போகும்போது ஜூன் 5 இதழைக் கையில் எடுத்து ஓட்டை வழியாகப் பார்த்தார், அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது என்று அவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கூப்பன் வெட்டப்படாத ஜூன் 5 இதழ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நியாயமான விலை தருகிறேன்.